சபையோர் பாடிய சங்கீதம்

மேல்நாட்டுச் சங்கீத மண்டபங்களில் கச்சேரி நடக்கும்போது ரசிகர்கள் அனுஷ்டிக்கும் நிசப்தம் உலகப் பிரசித்தமானது. இருமல் வந்தால்கூட ஒரு பகுதி முடியும் வரையில் அடக்கிக்கொண்டு, பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதை அறியாமையின் அடையாளமாகக் கருதி, மேடையில் இருப்பவர்கள் வாசிப்பதற்கும் கீழே இருப்பவர்கள் கேட்பதற்குமே விதிக்கப்பட்டவர்கள் என்பது போல் இரு சாராரும் தத்தம் ஸ்தானத்தில் கட்டுண்டு இருக்கும் அந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள், இந்தச் சம்பிரதாயம் அந்தச் சங்கீதத்தோடு கூடப் பிறந்தது என்றே நினைப்பார்கள். ஆனால் அது கூடப் பிறந்ததல்ல, இடையில் வந்தது. இடையில் வந்த அந்தச் சம்பிரதாயத்தை இருபதாம் நூற்றாண்டில் சிலர் எவ்வாறு தளர்த்தி, கேட்க வந்தவர்களையே பாடவும் வாசிக்கவும் அழைத்தார்கள் என்பதும், அந்த அழைப்புகளில் எவை நிலைத்தன, எவை கலைந்தன என்பதும் சங்கீத சரித்திரத்தில் ஆழ்ந்து சிந்திக்கத் தக்க ஓர் அத்தியாயம்.

1778ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரில் மோட்ஸார்ட்டின் புதிய ஸிம்பொனி ஒன்று அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 22. அதைப் பற்றித் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில், முதற் பகுதியின் நடுவில் ரசிகர்களுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று தாம் எதிர்பார்த்திருந்த ஓரிடம் வந்ததும் சபை முழுவதும் கைதட்டி ஆரவாரித்தது என்பதையும், கடைசிப் பகுதியை வயலின்களை மாத்திரம் கொண்டு மெல்லத் தொடங்கியபோது ஒருவரையொருவர் 'உஸ்' என்று அடக்கிக்கொண்டவர்கள், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கிய கணத்தில் மறுபடியும் கைதட்டினார்கள் என்பதையும் அவர் பெருமகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். சபையின் குரல் தம் சங்கீதத்தின் நடுவே ஒலிக்கும் என்று தெரிந்தே, அதற்கு இடம் வைத்தே, அந்த மேதை தம் கிருதியை அமைத்திருந்தார் என்பது இதனால் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைமை மாறிற்று. 1876இல் பைராய்ட் நகரில் ஜெர்மானிய சங்கீத நாடக கர்த்தா வாக்னர் தம் நாடக சாலையைத் திறந்தபோது, சபையின் விளக்குகளைத் தணித்து, வாத்தியக்காரர்களை மேடைக்கடியில் ஒரு பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாதபடி அமர்த்தி, ஜனங்களின் கவனம் முழுவதும் ஒரே திசையில் செல்லுமாறு செய்தார். அங்கே அவருடைய 'பார்ஸிஃபால்' நாடகத்தின் முதல் அங்கம் முடிந்தவுடன் கைதட்டாமல் கலைவது ஒரு விரதம் போலவே அனுஷ்டிக்கப்படலாயிற்று.

இந்த நிசப்தத்தை இழிவாகப் பேசுவது தகாது. நுட்பமான ஸ்வர விந்நியாசங்களும், ஒரு மணி நேரம் ஒரே சிந்தனையை வளர்த்துச் செல்லும் நீண்ட கிருதிகளும் அந்த மௌனம் இல்லாவிடில் ஜனித்திருக்க முடியாது. ஆயினும் அந்த லாபத்தோடு ஒரு நஷ்டமும் வந்து சேர்ந்தது. சங்கீதம் என்பது சிலர் செய்ய மற்றவர்கள் பெற்றுக்கொள்ளும் ஒரு பண்டம் என்ற எண்ணம் வேரூன்றிற்று. தொண்டை இருக்கிற ஒவ்வொருவனுக்கும் பாட்டில் ஏதோ ஒரு பங்கு உண்டு என்ற பழைய உணர்ச்சி, சபையின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கதவைத் திறக்க முதலில் முயன்றவர்களுள் பிரெஞ்சு சங்கீத கர்த்தா எரிக் ஸாட்டி ஒருவர். 1920ஆம் வருஷம் மார்ச் 8ஆம் தேதி பாரிஸில் பார்பஸாஞ்ஜ் சித்திர சாலையில் நடந்த ஒரு நாடகத்தின் இடைவேளையில், தம் நண்பர் டாரியுஸ் மியோவுடன் சேர்ந்து 'மேஜை நாற்காலி சங்கீதம்' என்ற புதிய பிரயோகத்தை அவர் நடத்தினார். அறையில் உள்ள நாற்காலியையும் தொங்கும் விளக்கையும் எவ்வளவு கவனிப்பீர்களோ அவ்வளவே இந்தச் சங்கீதத்தையும் கவனியுங்கள், பேசுங்கள், உலாவுங்கள் என்பது சபையோருக்கு விடுத்த வேண்டுகோள். வாத்தியக்காரர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்காமல் அறையின் வெவ்வேறு மூலைகளில் நிறுத்தியிருந்தார்கள். வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கியவுடன் நடந்தது என்ன? உலாவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவசரமாகத் தத்தம் ஆசனங்களுக்குத் திரும்பி, வாய் மூடி, பயபக்தியோடு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்" என்று ஸாட்டி அவர்களிடையே ஓடி ஓடிக் கெஞ்சியும் பலன் இல்லை. சபையின் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்னொரு உண்மையும் அன்று வெளிப்பட்டது. கேட்பதை விட்டுவிடு என்று சொல்லி எவரையும் சங்கீதத்துக்குள் அழைத்து வர முடியாது. கேட்பதன் வழியாகவேதான் அழைக்க முடியும்.

அந்த வழியைக் கண்டவர் அமெரிக்கரான ஜான் கேஜ். அவருடைய சிந்தனை வளர்ந்த விதத்தில் நம்மவர்களுக்கு விசேஷ அக்கறை உண்டு. 1940களில் அவர் மனக் கலக்கத்தில் இருந்த சமயம், கீதா சாராபாய் என்ற இந்தியப் பெண்மணி நியூயார்க்குக்கு வந்தார். மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கீதாவுக்குக் கேஜும், பாரத சங்கீதத்தைக் கேஜுக்குக் கீதாவுமாக ஊதியமின்றிப் பரஸ்பரம் கற்பித்துக்கொண்டார்கள். சங்கீதத்தின் பிரயோஜனம் என்ன என்று கேஜ் கேட்டபோது, சித்தத்தைச் சாந்தப்படுத்தித் தெய்விக சக்திகள் அதிற் பிரவேசிப்பதற்கு ஏற்றதாகச் செய்வதே என்று தம் குருநாதர் சொன்னதாகக் கீதா பதில் சொன்னார். அந்த விடை கேஜின் வாழ்நாள் முழுவதும் அவரோடு இருந்தது. அதே காலத்தில் அவர் ஊன்றிப் படித்த மற்றொரு ஆசிரியர், கொழும்பில் ஸர் முத்துக்குமாரசுவாமி என்ற ஈழத் தமிழ்ப் பெருமகனாருக்குப் புதல்வராகப் பிறந்து, பாஸ்டன் கலைப் பொருட்காட்சி சாலையில் பல்லாண்டு பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி. இயற்கையின் தோற்றத்தை அல்ல, அது தொழிற்படும் முறையையே கலை பின்பற்ற வேண்டும் என்று குமாரசுவாமியின் நூலிலிருந்து கற்ற கருத்தை கேஜ் தம் எழுத்துக்களில் ஓயாமல் எடுத்துச் சொல்லி வந்தார். இயற்கை எவ்வித உத்தேசமும் இன்றி ஓசைகளைப் பிறப்பிக்கிறது என்றால், அவற்றைச் சங்கீதமாகக் கொள்வதற்குக் கேட்பவனுடைய சிரத்தை ஒன்றே வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இவ்வழியே.

1951ஆம் வருஷ வாக்கில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் எதிரொலி சிறிதும் எழாதபடி அமைத்த ஓர் அறைக்குள் கேஜ் சென்றார். பூரண நிசப்தத்தை எதிர்பார்த்துப் போனவருக்கு இரண்டு சப்தங்கள் கேட்டன. ஒன்று உச்ச ஸ்தாயி, மற்றொன்று தாழ்ந்த ஸ்தாயி. முன்னது நரம்பு மண்டலத்தின் ஒலி, பின்னது ரத்த ஓட்டத்தின் ஒலி என்று அங்கிருந்த பொறியாளர் அவருக்கு விளக்கம் சொன்னார். உயிருள்ளவரை நிசப்தம் இல்லை என்று உணர்ந்தவர், மறு வருஷம் ஆகஸ்டு 29ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்து வுட்ஸ்டாக் ஊரில் உள்ள மாவெரிக் மண்டபத்தில் தம் '4 நிமிஷம் 33 விநாடி' என்ற படைப்பை அரங்கேற்றினார். காட்டின் நடுவே மரத்தாற் கட்டி, பின்புறம் வனத்தை நோக்கித் திறந்திருக்கும்படி விட்ட மண்டபம் அது. பியானோ வித்வான் டேவிட் டியூடர் வாத்தியத்தின் முன் அமர்ந்து, மூடியைச் சாத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். குறித்த நேரம் சென்றதும் மூடியைத் திறந்து முதற் பகுதி முடிந்ததைக் காட்டினார். இவ்வாறே மூன்று பகுதிகள்; ஒரு ஸ்வரமும் ஒலிக்கவில்லை. முதற் பகுதியில் வெளியே காற்று அசைந்தது. இரண்டாவதில் மழைத் துளிகள் கூரையின் மேல் விழத் தொடங்கின. மூன்றாவதில் ஜனங்களே முணுமுணுத்தும் எழுந்து நடந்தும் தங்கள் ஓசையைச் சேர்த்தார்கள் என்று கேஜ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கோபித்தவர்கள் பலர். ஆனால் கோபத்தோடு எழுந்து சென்ற காலடி ஓசையும் அந்தப் படைப்பின் அங்கமாயிற்று. சபையோர் தாம் அறியாமலே வாசித்த முதற் கச்சேரி என்று அதைச் சொல்லலாம்.

அறியாமல் செய்ததை அறிந்து செய்யும்படி அழைப்பதுதான் அடுத்த படி. 1950களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் 'நியூ ஸ்கூல்' என்ற கல்வி நிலையத்தில் கேஜ் நடத்திய வகுப்பில் படித்தவர்கள், அந்தப் படியில் துணிந்து கால் வைத்தார்கள். அவர்களுள் ஒருவரான ஆலன் காப்ரோ, 1959 அக்டோபரில் ரூபன் சித்திர சாலையை மூன்று அறைகளாகத் தடுத்து, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எப்போது எந்த அறைக்குப் போவது, எங்கே உட்காருவது என்ற விவரங்களை எழுதிக் கொடுத்தார். மணி அடித்தால் எழுந்து மாறவேண்டும். ஆறாவது பகுதி முடிந்த பிறகுதான், விரும்பினால், கைதட்டலாம். இது ஒருவிதத்தில் பங்கேற்பு என்றாலும், வந்தவர்கள் தங்கள் சித்தத்தால் அல்ல, கட்டளையால் நகர்ந்தார்கள். இதற்கு நேர் எதிரான கோடியில் கேஜே பத்து வருஷங்களுக்குப் பின் நின்றார். 1969 நவம்பரில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் உள்ள சர்வகலாசாலையில் கச்சேரிக்கு வந்த ஜனங்கள் வித்வான்களையும் காணவில்லை, நாற்காலிகளையும் காணவில்லை. இருந்தவை 12 கிராமபோன் பெட்டிகளும் ஏறக்குறைய 300 இசைத்தட்டுகளும்தான். விதி ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. சிறிது நேரம் திகைத்து நின்றவர்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தட்டுகளை எடுத்துச் சுழல விட்டார்கள். பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் முழங்க, அந்த ஓசைப் பெருக்கே அன்றைய கச்சேரியாயிற்று.

கட்டளை மாத்திரம் ஒரு பக்கம், சுதந்திரம் மாத்திரம் மறு பக்கம் என்று நின்ற இந்த இரண்டுக்கும் நடுவே வேறு சிலர் வேறு வழிகளைத் தேடினார்கள். தாள வாத்திய வித்வானான மாக்ஸ் நியூஹாஸ், 1966இல் கச்சேரி கேட்க வந்த சிலரை ஒரு தெரு முனையில் கூட்டி, ஒவ்வொருவர் கையிலும் 'கேள்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை ரப்பர் முத்திரையால் பதித்து, பேசாமல் நியூயார்க் வீதிகளின் வழியே அழைத்துச் சென்றார். மின்சார நிலையத்தின் பேரிரைச்சலும், தெருக்களின் சந்தடியும், கடந்து போகும் மனிதர்களின் பேச்சுமே அவர்களுக்கு அன்று சங்கீதம். அதே வருஷத்தில் அந்நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் 10 தொலைபேசிகளை அமைத்து, வீட்டிலிருந்தபடியே ஜனங்கள் எழுப்பிய ஓசைகளை ஒன்றோடொன்று கலந்து வானொலியில் ஒலிபரப்பினார். வித்வான் என்ற ஸ்தானத்தை விட்டு இறங்கி, ஜனங்களின் ஓசைகளைத் தொகுத்துக் கொடுப்பவர் என்ற புதிய ஸ்தானத்தை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

ரோமாபுரியில் அமெரிக்க இளைஞர்களான ஃபிரெடரிக் ஷெவ்ஸ்கி, ஆல்வின் கரன், ரிச்சர்ட் டைட்டெல்பாம் முதலானோர் 1966இல் 'மூஸிகா எலெத்ரோனிகா வீவா' என்ற கோஷ்டியை ஏற்படுத்தினார்கள். கையில் கிடைத்த பொருளில் எல்லாம் ஒலிவாங்கியை ஒட்டி, கண்ணாடிப் பலகையையும் தகர டப்பாவையும் பியானோவுக்குச் சமமாக மதித்து, முன்னேற்பாடின்றி மனோதர்மமாகவே வாசிப்பது அவர்கள் வழக்கம். 1968இல் தங்கள் ஸ்டூடியோவின் கதவைத் திறந்துவிட்டு, வருகிறவர் எவராயினும் சேர்ந்து வாசிக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்நிகழ்ச்சிக்கு 'சூப்பு' என்று பெயரிட்டார்கள். அடுத்த வருஷம் 'ஒலிக்குளம்' என்ற பெயரில், ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஓசையைக் கொண்டு வந்து அந்தக் குளத்தில் இடுங்கள் என்று அழைத்தார்கள். இதற்கு ஷெவ்ஸ்கி எழுதிய குறிப்பு மிகவும் போற்றத் தக்கது. தேர்ச்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பக்க வாத்தியமாகவே இருக்கவேண்டும், வல்லமை குறைந்தவர்களின் வாசிப்பு நன்றாக ஒலிப்பதற்கு உதவவேண்டும், எங்கே சங்கீதம் தளர்கிறதோ அங்கே சென்று அதைத் தாங்கவேண்டும் என்பது அதன் சாரம். வித்வத்துவத்தின் பயன் தான் பிரகாசிப்பதல்ல, பிறரைப் பிரகாசிக்கச் செய்வதே என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன சங்கீத சாஸ்திரம் அபூர்வம். எனினும் குளத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் அல்லர். கூட்டம் பெருகிய இடங்களில் ஒருவர் ஓசை மற்றொருவர் காதுக்கு எட்டாமல், உரத்துத் தட்டுபவரே வென்றவராகும் நிலையும் நேர்ந்தது.

இந்தச் சிக்கலுக்கு மிக அழகிய விடை லண்டனிலிருந்து வந்தது. அதைத் தந்தவர் கார்னீலியஸ் கார்டியூ. 1936இல், புகழ் பெற்ற மட்பாண்டக் கலைஞர் ஒருவரின் குமாரராகப் பிறந்து, கான்டர்பரி தேவாலயத்தில் சிறுவயதிலேயே கோஷ்டி கானம் பயின்று, பின் ஜெர்மனியில் நவீன சங்கீத கர்த்தா ஸ்டாக்ஹாஸனுக்கு உதவியாளராக இருந்து, மேல்நாட்டு நவீன சங்கீதத்தின் நுணுக்கங்களையெல்லாம் கரை கண்டவர் அவர். அந்தத் தேர்ச்சியின் உச்சியில் நின்றபோதுதான், தேர்ச்சி இல்லாதவர்களுக்கென்று எழுதவேண்டும் என்ற தாகம் அவருக்கு உண்டாயிற்று. 1968இல் தென் லண்டனில் வயது வந்தோர் கல்விக்குரிய மார்லி கல்லூரியில் அவர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். சங்கீத மாணவர்களோடு சித்திரக்காரர்களும், ஸ்வரக் குறிப்பையே படிக்கத் தெரியாதவர்களும் அங்கே வந்தார்கள். அந்த வகுப்பிலிருந்து, மைக்கேல் பார்ஸன்ஸ், ஹோவர்டு ஸ்கெம்ப்டன் ஆகிய இருவரின் துணையோடு, 'ஸ்க்ராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டி உருவாயிற்று. அதன் சட்ட வரைவு 1969 ஜூன் மாதத்து 'மியூஸிக்கல் டைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய விதிகள் பல. ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, பிறர் தனித்து வாசிக்கும்போது தாம் பக்கபலமாக வாசிக்கத் தக்க எளிய இசைகளை அதில் எழுதிவர வேண்டும். சொல்லாலோ படத்தாலோ ஸ்வரத்தாலோ எழுதலாம். பெரிய சங்கீத கர்த்தாக்களின் பிரசித்தமான கிருதிகளில் ஒரு சிறு துணுக்கை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தங்கள் ஞாபகத்தில் உள்ளதைக் கொண்டு தொடர்ந்து செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் விசேஷமானது, கச்சேரியை நிர்ணயிக்கும் உரிமை வயதில் இளையவரிடமிருந்து தொடங்கி மூத்தவர் வரையில் முறையே செல்ல வேண்டும் என்பது. 1969 நவம்பர் முதல் தேதி ஹாம்ப்ஸ்டெட் நகர மண்டபத்தில் முதற் கச்சேரி நடந்தது. அடுத்த வருஷம் கோடையில் கார்ன்வால், ஆங்கிள்ஸீ ஆகிய பிரதேசங்களுக்குச் சென்று, கிராம ஜனங்களிடையே அவர்கள் வாசித்தார்கள்.

இந்தக் கோஷ்டியின் உயிர்நாடியாக இருந்தது 'தி கிரேட் லேர்னிங்' என்ற கார்டியூவின் பெரும் படைப்பு. 1968 முதல் 1971 வரை எழுதிய இது, கன்பூஷியஸ் மரபின் ஆதார நூல் ஒன்றின் முதல் அத்தியாயத்தை, அமெரிக்கக் கவி எஸ்ரா பவுண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஏழு பத்திகளாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முறையில் இசை அமைத்தது. ராஜ்யத்தின் ஒழுங்குக்கு வேர் தனி மனிதனின் சித்த சுத்தியில் இருக்கிறது என்பது மூலத்தின் கருத்து. அந்தக் கருத்தையே பாடுகிற முறையாகவும் ஆக்கியதில்தான் கார்டியூவின் மேதை விளங்குகிறது. ஏழாவது பத்தி பயிற்சி பெறாத குரல்களுக்கென்றே எழுதியது. அதில் ஸ்வரக் குறிப்பு கிடையாது. ஒவ்வொரு வரியின் எதிரிலும் அதை எத்தனை முறை பாடவேண்டும் என்ற எண் இருக்கும். முதற் சொல்லை 8 முறை பாடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மூச்சின் நீளம். தொடக்கத்தில் எந்த ஸ்வரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வரிக்குச் செல்லும்போது, சுற்றிலும் பாடுகிறவர்களிடமிருந்து தன் காதில் விழும் ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்து அதைப் பாடவேண்டும். முன் வரியில் பாடிய ஸ்வரத்தையே மறு வரியிலும் பாடலாகாது. வேறு ஸ்வரம் காதில் விழாவிட்டால் தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம். பாடுகிறவர்கள் ஒரு வரியைப் பாடி முடிக்கும் வரையில் நின்ற இடத்திலேயே நின்று, வரிகளுக்கு நடுவே மாத்திரம் மண்டபத்துக்குள் நடப்பார்கள். அவரவர் மூச்சின் வேகத்தில் அவரவர் முன்னேறுவார்கள்.

விதிகள் இவ்வளவே. ஆனால் விளைவு ஆச்சரியமானது. தொடக்கத்தில் ஐம்பது பேர் பாடினால் ஐம்பது விதமான ஸ்வரங்கள் மோதி ஒரு பெரிய மூட்டமாக எழும்புகின்றன. சில நிமிஷங்களில், காதில் விழுந்ததையே பாடவேண்டும் என்ற விதியினால், ஸ்வரங்கள் ஒன்றையொன்று தழுவித் தழுவிக் குறையத் தொடங்குகின்றன. யாரும் திட்டமிடாத இணக்கங்கள் தோன்றி, சிறிது நேரம் நின்று, வேறாக மாறுகின்றன. இதன் ஒலிப்பதிவில் தாமும் கலந்துகொண்ட ஆங்கில இசைக் கலைஞர் பிரையன் ஈனோ, 1976இல் எழுதிய கட்டுரையில் இதன் காரணங்களை ஆராய்ந்தார். ஒவ்வொரு மண்டபத்துக்கும் தனக்கு இசைவான சில ஸ்வரங்கள் உண்டு. அவை அங்கே ஓங்கி ஒலிப்பதால் பலரும் அவற்றையே பற்றுகிறார்கள். அதோடு, சுருதி ஞானம் குறைந்தவர் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க முயன்று சற்றே தவறி வேறொன்றைப் பாடும்போது, அந்தத் தவறே கூட்டத்துக்குப் புதிய ஸ்வரத்தைக் கொடுக்கிறது. அவர் இல்லாவிடில் எல்லாரும் விரைவில் ஒன்றிரண்டு ஸ்வரங்களில் அடங்கிப்போவார்கள். வேறு எந்தக் கோஷ்டியிலும் வெளியே நிறுத்தப்படும் மனிதர் இங்கே அத்தியாவசியமானவர் ஆகிறார். பாடத் தெரியாதவரைப் பொறுத்துக்கொள்ளும் சங்கீதம் எத்தனையோ உண்டு. அவரை வேண்டி நிற்கும் சங்கீதம் இது.

இத்தகைய கோஷ்டி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வருந்தத் தக்கது. 1971 கோடையில் அங்கத்தினர்களின் அதிருப்திகளை வெளிப்படையாகப் பேசுவதற்குக் கூட்டங்கள் நடந்தன. இப்பரீட்சைகளால் தொழிலாளி மக்களுக்கு என்ன பயன் என்ற கேள்வி பிறந்தது. பியானோ வித்வான் ஜான் டில்பரி முதலானோர் மார்க்ஸ், மாவோ ஆகியோரின் நூல்களைப் படிக்கும் வட்டம் ஒன்றை அமைத்தார்கள். கார்டியூவும் அதில் சேர்ந்தார். 1974இல் வெளியிட்ட நூலில் அவர் தம் ஆசான் ஸ்டாக்ஹாஸனை மாத்திரமன்றித் தாம் எழுதிய 'தி கிரேட் லேர்னிங்'கையும் கண்டித்தார். அதன் பின் ஊர்வலங்களில் பாடத் தக்க அரசியற் பாடல்களையே எழுதிவந்தவர், 1981 டிசம்பரில் கிழக்கு லண்டன் வீதியில் ஒரு மோட்டார் மோதி இறந்தார். மோதியவன் நில்லாமற் போய்விட்டான். தம் கலை எளிய மனிதர்களுக்கு உரியதாக வேண்டும் என்ற தாகமே அவரைத் தம் கலையை மறுக்கவும் செய்தது. அந்த நேர்மையை வணங்க வேண்டும். ஆனால் அவர் மறுத்த ஏழாவது பத்திதான், ஸ்வரம் தெரியாத எளிய மனிதர்கள் பல நாடுகளில் இன்றும் கூடிப் பாடுவதாக இருக்கிறது. தம் சிருஷ்டியைப் பற்றி அவர் கூறிய தீர்ப்பைக் காட்டிலும் அந்தச் சிருஷ்டி பெரியது.

கார்டியூ லண்டனில் இவற்றை இயற்றிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் பாலின் ஆலிவெரோஸ் என்ற பெண்மணி வேறொரு திசையிலிருந்து அதே இடத்தை வந்தடைந்தார். 1932இல் ஹூஸ்டன் நகரில் பிறந்து அக்கார்டியன் வாத்தியத்தில் தேர்ந்தவர் அவர். 21ஆம் வயதில் தாயார் பரிசளித்த ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கியைத் தம் அறையின் ஜன்னலில் வைத்துப் பதிவு செய்து பார்த்தபோது, தாம் அங்கேயே இருந்தும் கேட்கத் தவறிய எத்தனையோ ஓசைகளைக் கருவி கேட்டிருப்பதை அறிந்து திடுக்கிட்டார். அன்று முதல், எந்நேரமும் எல்லாவற்றையும் கேட்பது என்ற நியமத்தைத் தமக்கு விதித்துக்கொண்டு அதையே சாதகமாகச் செய்துவந்தார். வியட்நாம் யுத்தத்தின் கொடுமையும், அவர் போதித்து வந்த ஸான் டியேகோ கலாசாலையில் யுத்தத்தை எதிர்த்து ஒரு மாணவர் தீக்குளித்து மாண்டதும் அவரை உலுக்கின. மேடையை விட்டு உள்ளொடுங்கி, சில பெண்களோடு கூடி நெடுநேரம் ஒரே ஸ்வரத்தைப் பாடியும் கேட்டும் மனத்தை நிலை நிறுத்தலானார். அதன் பயனாகப் பிறந்தவை 1974இல் புத்தகமாக வெளிவந்த 'ஸோனிக் மெடிடேஷன்ஸ்' என்ற ஒலித் தியானங்கள். இவற்றுக்கு விசேஷப் பயிற்சி ஒன்றும் வேண்டாம், மனம் ஒப்பி ஈடுபடுபவர் எவரும் சேரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அவர் எழுபதுகளில் வகுத்த சுருதி சேர்க்கும் தியானம் ஒன்று, கார்டியூவின் ஏழாவது பத்திக்கு உடன்பிறந்தது போலத் தோன்றும். மூச்சை இழுத்து, விடும்போது மனத்தில் எழும் ஒரு ஸ்வரத்தை நீளப் பாடவேண்டும். அடுத்த மூச்சில், வேறொருவர் பாடும் ஸ்வரத்தைக் கேட்டு அதோடு இணையவேண்டும். அதற்கடுத்த மூச்சில், யாருமே பாடாத ஒரு புதிய ஸ்வரத்தைச் சபைக்கு அளிக்கவேண்டும். இணைவதும் அளிப்பதுமாக இவ்வாறே மாறி மாறிச் செல்லும். இணைவதற்குக் கேட்கவேண்டும் என்பது எளிதில் விளங்கும். ஆனால் யாரும் பாடாததைப் பாடுவதற்கு எல்லாரையும் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? சுதந்திரம் என்பது கேள்வியின் உச்ச நிலை என்று இந்த ஒரு விதி போதிக்கிறது. 1988இல் வாஷிங்டன் மாகாணத்தில், ஓசை 45 விநாடிகள் வரை அடங்காமல் நிற்கும் ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தம் தோழர்களோடு அவர் வாசித்தபோதும், ஒவ்வொருவரும் தாம் வாசித்ததையும் பிறர் வாசித்ததையும் பிரித்தறிய முடியாத அந்த ஒலிக் கடலில் அவருக்குத் துணை நின்றது இந்தப் பயிற்சியே. 'ஆழ்ந்து கேட்டல்' என்று அதற்குப் பெயரிட்டு, 2016இல் காலமாகும் வரை பல தேசங்களில் பல்லாயிரம் பேருக்கு அதைக் கற்பித்தார்.

இது சங்கீதமா என்று கேட்பவர்கள் என்றும் உண்டு. தியாகமும் அப்பியாசமும் செய்து வித்தையைச் சம்பாதித்தவர்களின் ஸ்தானத்தில் வழியே போகிறவர்களை ஏற்றுவது கலைக்கு இழுக்கு அல்லவா என்பது அவர்களின் ஆட்சேபம். அது அலட்சியம் செய்யத் தக்கதல்ல. ஆனால் மேலே கண்ட சரித்திரம் அதற்குத் தெளிவான விடை தருகிறது. ஸாட்டி கேட்காதே என்று அழைத்தார், அழைப்பு பலிக்கவில்லை. காப்ரோ கட்டளை கொடுத்தார். ஜனங்கள் நகர்ந்தார்கள், ஆனால் தாமாக ஒன்றும் படைக்கவில்லை. டேவிஸ் நகரத்து இசைத்தட்டுக் கூடத்திலும், ரோமாபுரியின் ஒலிக்குளம் நிரம்பி வழிந்த நாட்களிலும் சுதந்திரம் கிடைத்தது, ஒருவரையொருவர் கேட்கவேண்டிய கடமை கிடைக்கவில்லை. கார்டியூவும் ஆலிவெரோஸும் அளித்தது வேறு. எவரும் புரிந்துகொள்ளக்கூடிய, மூச்சு விடத் தெரிந்தவர் எவரும் நிறைவேற்றக்கூடிய, ஆனால் பக்கத்தில் இருப்பவரைக் கேளாமல் ஒரு கணமும் நிறைவேற்ற முடியாத ஒரு விதியை அவர்கள் வகுத்துத் தந்தார்கள். அந்த விதியை வகுப்பதற்குத்தான் வித்வத்துவம் தேவைப்பட்டது. ஸ்டாக்ஹாஸனிடம் பயின்ற கார்டியூவின் கல்வி முழுவதும், இருபது வருஷம் இடைவிடாமல் கேட்ட ஆலிவெரோஸின் சாதகம் முழுவதும் அந்தச் சில வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. மேதையின் வேலை குறையவில்லை. அது வேறு இடத்துக்கு மாறிற்று.

ஆகையால், சபையோரையும் பாட அழைக்க விரும்பும் எவரும் இந்தச் சரித்திரத்திலிருந்து கைக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. வருகிறவர் என்ன செய்வார் என்பதை யோசிப்பதற்கு முன், அவர் எதைக் கேட்பார், யாரைக் கேட்பார் என்பதை நிர்ணயிக்க வேண்டும். அதை நிர்ணயித்துவிட்டால் பயிற்சியின்மை ஒரு குறையே ஆகாது; சுருதி பிசகுவதும் ஒரு கொடையாகும். அதை நிர்ணயியாவிட்டால், கதவை எவ்வளவு அகலத் திறந்துவைத்தாலும் உள்ளே சேர்வது இரைச்சல்தான். சாதாரண மனிதரைப் பாடச் சொன்னதால் சங்கீதம் எங்கும் தாழ்ந்ததில்லை. கேளாமற் பாடச் சொன்ன இடங்களில் மாத்திரமே தாழ்ந்தது.